முகாமிலிருந்து அரசாணை வரை: சேவை நிறுவனங்கள் அரசிடம் பேசுவது எப்படி?

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பகல்நேர மையம் ஒன்றில் நான் சிறப்பாசிரியராகச் சேர்ந்த புதிது. ஒரு அம்மா தன் 19 வயது மகனைத் தோளில் தாங்கியபடி வந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்தார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க மூன்று பேருந்து மாறி மாவட்ட மருத்துவமனை முகாமுக்குப் போய்விட்டு வந்திருந்தார். அன்றைக்கு மனநல மருத்துவர் வரவில்லை. "அடுத்த மாசம் வாங்கன்னுட்டாங்க டீச்சர்" என்றார். அந்த வார்த்தையை அவர் கேட்டது அது நான்காவது தடவை.

அடுத்த மாதம் மையத்தின் வேனை அனுப்பினோம். அட்டை கிடைத்தது. அதற்கடுத்த மாதம் வேறு இரண்டு குடும்பங்களுக்கு அனுப்பினோம். இப்படியே இரண்டு வருடம் வேன் ஓடியது. எங்கள் மையத்துக்கு அவ்வப்போது வரும் மூத்த சமூகப் பணியாளர் ஒருவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுபவர், ஒருநாள் டீசல் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுவரைக்கும் எத்தனை பேரு இப்படித் திரும்பி வந்திருக்காங்க?"

"நிறைய பேர் அண்ணா."

"நிறையன்னா எத்தனைம்மா? கலெக்டர் கேட்டா என்ன எண்ணு சொல்லுவ?"

பதில் சொல்ல முடியவில்லை. வேன் ஓடிய கிலோமீட்டர் எங்கள் பதிவேட்டில் இருந்தது. வெறுங்கையோடு திரும்பியவர்களின் எண்ணிக்கை இல்லை.

இல்லம், பகல்நேர மையம், இரவுக் காப்பகம், முதியோர் இல்லம், வலி தணிப்பு மருத்துவம், குடும்ப ஆலோசனை என்று ஏதாவது ஒரு நேரடிச் சேவையைச் செய்துகொண்டிருக்கும், ஆனால் அரசின் விதியையோ நடைமுறையையோ மாற்றச் சொல்லி இதுவரை கேட்டிராத நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வட்டாரத்தில் இந்த வேலைக்கு 'அட்வகசி' என்றுதான் பெயர். பரிந்துரை என்ற நம் சொல்லைப் பிரித்தால் பரிந்து உரைப்பது என்று வருகிறது. ஒருவருக்காகப் பரிந்து பேசுவது. எனக்கு இந்தச் சொல் பிடிக்கும், இரக்கமும் பேச்சும் ஒன்றாக இருப்பதால்.

முதலில், நமக்குப் பேச அனுமதி உண்டா?

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. உண்டு. அரசிடம் மனுக் கொடுப்பது, சட்ட வரைவுக்குக் கருத்து அனுப்புவது, சட்டமன்ற உறுப்பினரைச் சந்திப்பது எல்லாம் ஒரு அறக்கட்டளையோ சங்கமோ செய்யக்கூடிய வேலைகள்தான். உங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தை அல்லது சங்க விதிகளை எடுத்து, நோக்கங்கள் பகுதியைப் படியுங்கள். 'மாற்றுத்திறனாளிகளின் நலனுக்காகப் பாடுபடுதல்' போன்ற வரி பெரும்பாலும் இருக்கும். உரிமை, விழிப்புணர்வு என்ற சொற்களே இல்லையென்றால் உங்கள் தணிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தாண்டக் கூடாத கோடு கட்சி அரசியல். எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ நிறுவனத்தின் பெயர் வரக் கூடாது. கட்சி மேடையில் நிற்கக் கூடாது. எல்லாக் கட்சியினருக்கும் ஒரே மனுவைக் கொடுங்கள்.

வெளிநாட்டு நிதி வாங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், அரசியல் தன்மை கொண்ட அமைப்புகள் அந்த நிதியைப் பெறுவதைத் தடுக்கிறது. ஆனால் பொதுக் காரணத்துக்காக மறியல், வேலைநிறுத்தம் போன்ற வழிகளைக் கையிலெடுத்தாலும், கட்சி அரசியலோடு தொடர்பில்லாத அமைப்பை அந்த ஒரே காரணத்துக்காக அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்த முடியாது என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதும் தடை செய்யப்பட்டது. அதனால் கூட்டமைப்பின் செலவை வெளிநாட்டு நிதியிலிருந்து பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மனு, பயணம், கூட்டம் இவற்றுக்கு உள்ளூர் நன்கொடையில் ஒரு சிறு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். இந்த வேலைக்குப் பெரிதாகச் செலவாகாது.

இன்னொரு பயம் இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அரசு மானியத்தில் சம்பளமும் உணவும் ஓடும் இல்லங்கள், "நாம பேசினா மானியம் நின்னுடுமோ" என்று அஞ்சுகின்றன. நியாயமான பயம். இதற்கு நான் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, தனியாகப் போகாமல் அதே வேலையைச் செய்யும் ஐந்தாறு நிறுவனங்களும் பெற்றோர் சங்கமும் சேர்ந்து போவது. மற்றது, மேலே போவதற்கு முன் கீழே உள்ள அலுவலரிடம் சொல்லிவிட்டுப் போவது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்குத் தெரியாமல் ஆட்சியரிடம் மனு போனால், அவர் அதைத் தன் மீதான புகாராகத்தான் பார்ப்பார். முன்னதாகவே பேசினால், பல தடவை அவரே "இதை நான் சொல்லி நடக்கல, நீங்க எழுதிக் குடுங்க" என்பார். தங்களுக்கும் ஆள் பற்றாக்குறை, நிதிப் பற்றாக்குறை என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்.

படி 1: பதிவேட்டில் ஒரு பத்தி கூட்டுங்கள்

ஆய்வாளர்களிடமும் பத்திரிகைகளிடமும் இல்லாத ஒன்று சேவை நிறுவனங்களிடம் இருக்கிறது. தினமும் அதே மனிதர்களைப் பார்க்கிறோம். அந்தப் பார்வையை எழுதி வைக்காமல் விட்டால் அது நம் ஆதங்கமாக மட்டுமே நின்றுவிடும்.

புதிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஏற்கனவே இருக்கும் வருகைப் பதிவேட்டிலோ குடும்பக் கோப்பிலோ சில விவரங்களைச் சேருங்கள்: தேதி, ஊர், எந்த அலுவலகத்துக்கு எதற்காகப் போனார்கள், கிடைத்ததா, கிடைக்கவில்லையென்றால் சொல்லப்பட்ட காரணம், பேருந்துக்குச் செலவான பணம், இழந்த கூலி. கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு முகாம் நாள் என்பது கூலி இல்லாத நாள். அந்தக் கணக்கை அதிகாரி முன் வைக்கும்போது பேச்சின் தொனியே மாறுகிறது.

சொல்லப்பட்ட காரணத்தை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். 'மருத்துவர் விடுப்பு', 'ஆதாரில் பெயர் வேறு', 'நெட் இல்லை' என்று அப்படியே. ஆறு மாதம் கழித்து அவற்றைக் கூட்டிப் பார்த்தால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆதார் குழப்பம்தான் பெரிய தொல்லை என்று ஊழியர்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். பதிவேட்டைக் கூட்டியபோது அது ஓரத்தில் கிடந்தது. மனநல மருத்துவரோ உளவியலாளரோ முகாமுக்கு வராததுதான் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். எண்ணைப் பெருக்கிச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு தவறான எண் பிடிபட்டால் அடுத்த பத்து வருடம் உங்களை நம்ப மாட்டார்கள். பெயரை வெளியே கொடுப்பதாக இருந்தால் அந்தக் குடும்பத்திடம் எதற்கு, யாருக்கு என்று விளக்கி ஒப்புதல் வாங்குங்கள். பெரும்பாலான மனுக்களுக்குப் பெயர் தேவையே இல்லை. ஊரும் எண்ணிக்கையும் போதும்.

படி 2: முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். "அரசு கண்டுகொள்வதில்லை" என்று பொதுவாகச் சொன்னால் யாரிடம் கேட்பது என்றே தெரியாது. தடை எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சட்டத்திலேயே இருக்கலாம். சட்டத்தின் கீழ் வந்த விதியில் இருக்கலாம். ஓர் அரசாணையில், ஒரு சுற்றறிக்கையில், நிதி ஒதுக்கீட்டில் இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் ஆள் இல்லாததாலோ பழக்கத்தாலோ நின்றிருக்கலாம். சட்டத்தை மாற்ற நாடாளுமன்றமோ சட்டமன்றமோ வேண்டும். சுற்றறிக்கையை மாற்ற ஒரு ஆணையரின் கையெழுத்துப் போதும்.

பல சமயம் சட்டம் நம் பக்கமே இருக்கும். வீடற்றோருக்கான இரவுக் காப்பகம் நடத்துபவர்கள் ஒரு அளவுகோலைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: 2024 வரை நடந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல், நகரத்தின் ஒவ்வொரு 1 லட்சம் மக்கள்தொகைக்கும் குறைந்தது 100 பேர் தங்கும் நிரந்தரக் காப்பக வசதி வேண்டும் என்றது. உங்கள் நகரத்தில் 10 லட்சம் பேர் என்றால் 1,000 பேருக்கு இடம் இருக்க வேண்டும். எத்தனை படுக்கைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதே உங்கள் மனுவின் முதல் பக்கம். முதியோர் இல்லம் நடத்துபவர்களுக்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கும் இல்லம் படிப்படியாக அமைய வேண்டும் என்று அதன் 19ஆம் பிரிவு பேசுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம். அது 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 சதவீதமாக இருந்த அரசு வேலை ஒதுக்கீட்டை 4 ஆக்கியது. இந்தச் சட்டங்களை வழக்கறிஞரிடம் விட்டுவிடாமல் ஊழியர் கூட்டத்தில் வாரம் ஒரு பிரிவாகச் சத்தமாகப் படியுங்கள். நாங்கள் வெள்ளிக்கிழமை மாலையில் படித்தோம். ஓட்டுநர் அண்ணன்தான் நிறையக் கேள்வி கேட்பார்.

முடிச்சைக் கண்டுபிடிக்க நல்ல கருவி 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையில் முதல் மேல்முறையீடு, அதற்கும் மசியாவிட்டால் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. உரிமை குடிமக்களுக்கு என்றே சட்டம் சொல்வதால் நிறுவனத்தின் பெயரில் போடாமல் ஒரு தனிநபர் பெயரில் போடுங்கள்.

'ஏன் மருத்துவர் வருவதில்லை?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஆவணம் கேளுங்கள். நாங்கள் கேட்டவை மூன்றுதான்: கடந்த 12 மாதங்களில் நடந்த அடையாள அட்டை முகாம்களின் தேதி, இடப் பட்டியல், ஒவ்வொரு முகாமுக்கும் வந்த மருத்துவர்களின் வருகைப் பதிவு நகல், முகாமின் நாளையும் இடத்தையும் முடிவு செய்த ஆணையின் நகல். மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்தான் எங்கள் கண்ணைத் திறந்தது. அப்படி ஒரு ஆணையே இல்லை. மாவட்டத் தலைநகரில் மட்டும்தான் முகாம் நடத்த வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. வழக்கமாக அப்படியே நடந்து வந்திருக்கிறது. ஆட்சியரும் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரும் சேர்ந்து முடிவெடுத்தால் மாற்றிவிடலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு வருடம் டீசல் போட்டிருக்கிறோம்.

கேரளத்து வலி மருந்தின் கதை

முடிச்சைச் சரியாகப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு என் மனதில் எப்போதும் நிற்பது இந்தக் கதைதான். 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து வலி தணிப்பு மருத்துவச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். முற்றிய புற்றுநோயின் வலியில் துடிப்பவர்களுக்கு வாய்வழி மார்ஃபின் மலிவான, நல்ல மருந்து. ஆனால் கிடைக்காது. காரணம், 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். ஒவ்வொரு மாநிலத்திலும் வெவ்வேறு துறைகளிடம் பல உரிமங்கள் வாங்க வேண்டும், எல்லா உரிமங்களும் ஒரே சமயத்தில் உயிரோடு இருக்க வேண்டும். சிறு எழுத்துப் பிழைக்கும் சிறைத் தண்டனை என்ற அச்சத்தில் மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்திருப்பதையே நிறுத்திவிட்டன. சட்டம் வந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நாட்டில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது.

அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே இந்த விதிகளோடும் மல்லுக்கட்டினார்கள். 1998இல் மத்திய அரசு எளிமையான மாதிரி விதிகளைத் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. வேலை முடிந்தது என்று யாரும் நினைத்திருக்கலாம். ஆனால் சில மாநிலங்களே அதை ஏற்றன, ஏற்ற இடங்களிலும் நடைமுறை பாதியில் நின்றது. ஆக, அதிகாரம் மாநில விதிகளில் சிதறிக் கிடப்பதே உண்மையான முடிச்சு என்று புரிந்தது. 2007இல் இந்திய வலி தணிப்பு மருத்துவச் சங்கத்தினர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். 2008இல் கேரள அரசு, வலி தணிப்பு மருத்துவத்துக்கென நாட்டிலேயே முதலாவதாக ஒரு மாநிலக் கொள்கையைக் கொண்டுவந்தது. 2014 பிப்ரவரியில், 15ஆவது மக்களவையின் கடைசி நாட்களில், போதைப்பொருள் சட்டமே திருத்தப்பட்டது. இன்றியமையாத வலி மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதி என்றானது.

கோழிக்கோட்டில் சங்கம் தொடங்கி 21 ஆண்டுகள். அந்த 21 ஆண்டுகளிலும் அவர்கள் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. டெல்லியில் அவர்கள் பேச்சு எடுபட்டதற்குக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன்.

படி 3: கோரிக்கையை ஒரே வாக்கியமாக்குங்கள்

'மாற்றுத்திறனாளிகளின் நலனில் அரசு அக்கறை காட்ட வேண்டும்' என்று எழுதினால் அதிகாரி தலையாட்டுவார், கோப்பு நகராது. யார், என்ன செய்ய வேண்டும், எங்கே, எப்போதிருந்து, செலவு எவ்வளவு என்பது தெரிய வேண்டும். எங்கள் வாக்கியம் இப்படி இருந்தது: 'மனநல மருத்துவரும் உளவியலாளரும் கலந்துகொள்ளும் அடையாள அட்டை முகாமை, மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட புதன்கிழமையில், எங்கள் வட்டத்தின் அரசு மருத்துவமனையில் நடத்த ஆணையிட வேண்டுகிறோம்.' செலவு என்ற இடத்தில், மருத்துவக் குழு வந்துபோகும் வாகனச் செலவை மட்டும் கணக்குப் போட்டுக் காட்டினோம்.

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. பதினைந்து கோரிக்கைகளோடு போனால் அவர்களுக்கு எளிதான ஒன்றைச் செய்துவிட்டு எல்லாம் முடிந்ததாக எழுதிவிடுவார்கள்.

படி 4: யாரிடம், எந்த நேரத்தில்

மாவட்ட அளவில் முடியக்கூடியது என்றால் ஆட்சியர் போதும். திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்து மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கூட்ட நெரிசலில் விளக்கமாகப் பேச முடியாது. எண் வாங்கிய பிறகு தனியாக நேரம் கேளுங்கள்.

பலரும் மறந்துபோகும் வாசல், குழுக்கள். அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட சில குறைபாடுகள் கொண்டோருக்கான 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டத்தில் உள்ளூர் குழு ஒன்று இருக்கிறது. அதில் ஆட்சியரோடு ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் உறுப்பினர்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட அளவிலான குழுவையும் மாநில ஆலோசனை வாரியத்தையும் ஏற்படுத்துகிறது. உங்கள் மாவட்டத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார், கடைசியாக எப்போது கூட்டம் நடந்தது என்று விசாரியுங்கள். உறுப்பினரின் கோரிக்கை கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டால், அடுத்த கூட்டத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. கிராம அளவு விஷயமென்றால் கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை நாட்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன.

மாநில அளவு என்றால் துறை ஆணையர், பிறகு தலைமைச் செயலகத்தில் துறைச் செயலாளர். ஆனால் கோப்பு பிறப்பது கீழே, பிரிவு அலுவலரின் மேசையில். அவர் குறிப்பு எழுத வசதியாக உங்கள் மனு இருக்க வேண்டும்: எந்த அரசாணை, எந்தப் பத்தி, அதில் எந்தச் சொல் மாற வேண்டும். பழைய அரசாணையின் நகலை இணையுங்கள், தேட விடாதீர்கள்.

பணம் தேவைப்படும் கோரிக்கை என்றால் நாட்காட்டியைப் பாருங்கள். நிதிநிலை அறிக்கை பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருகிறது. துறைகள் அதற்கான மதிப்பீட்டை அதற்கு முன் மழைக்காலத்திலேயே தயார் செய்யத் தொடங்கிவிடும். பிப்ரவரியில் கொண்டுபோய்க் கொடுக்கும் மனு அந்த ஆண்டுக்கு உதவாது. நிதிநிலை அறிக்கைக்குப் பின் ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையும், அதாவது அந்த ஆண்டுச் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் கோரிக்கையும், சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வரும். அன்று துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியாகும், அமைச்சர் புதிய அறிவிப்புகளை வாசிப்பார். உங்கள் தொகுதி உறுப்பினர் ஒரு கேள்வி எழுப்ப வேண்டுமென்றால், அவருக்கு அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ. கொள்கை விளக்கக் குறிப்பைத் தவறாமல் படியுங்கள். போன ஆண்டு என்ன சொன்னார்கள், இந்த ஆண்டு அந்த வரி எங்கே போனது என்று ஒப்பிட்டால் பேசுவதற்கு நிறையக் கிடைக்கும்.

மத்திய அரசின் சட்ட வரைவு, விதி வரைவு என்றால், குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2014இல் ஒரு கொள்கை வகுத்திருக்கிறார்கள். வரைவு வெளியானது தெரிந்ததும் இரண்டே பக்கத்தில் கருத்து அனுப்புங்கள்.

படி 5: மனு

நீங்களும் பள்ளியில் படித்த அதே அமைப்புத்தான்: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியில் எண். எடுத்துக்காட்டுக்கு, 'கடந்த ஆறு மாதங்களில் எங்கள் மையத்திலிருந்து முகாமுக்குச் சென்ற 40 பேரில் 25 பேர் ஒரு முறையாவது மருத்துவர் வராததால் திரும்பினர்' என்பதுபோல. இரண்டாம் பத்தியில் ஒரே ஒரு குடும்பத்தின் அனுபவம், மூன்று வரியில். மூன்றாவதில் சட்டப் பிரிவு, பிறகு அந்த ஒரு வாக்கியக் கோரிக்கை. அட்டவணையைப் பின்னிணைப்பாக வையுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

படி 6: யார் பேச வேண்டும்

இந்த இடத்தில் சேவை நிறுவனங்கள் தவறு செய்கின்றன, நாங்களும் செய்தோம். முதல் சந்திப்புக்கு மையத்தின் நிர்வாகியும் நானும் மட்டும் போனோம். நன்றாகத்தான் பேசினோம். இரண்டாம் முறை, மகனைத் தோளில் தாங்கி வந்த அந்த அம்மாவும் இன்னும் மூன்று பெற்றோரும் வந்தார்கள். அந்த அம்மா, "சார், அவன் இப்ப என்னைவிட உயரம். இன்னும் எத்தனை நாளைக்கு என்னால தூக்க முடியும்?" என்று கேட்டார். அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் அட்டவணையை அதற்குப் பிறகுதான் அந்த அதிகாரி கையில் எடுத்துப் படித்தார்.

'எங்களைப் பற்றி, எங்களை விட்டுவிட்டு எதுவும் வேண்டாம்' என்பது மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் உலகறிந்த முழக்கம். பேசக்கூடியவர்களுக்காக நாம் பேசிவிடக் கூடாது. 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கான நல வாரியம் நாட்டிலேயே முதலாவதாக அமைந்ததும், 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கும் சட்டங்கள் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், அந்தந்த மக்கள் தாங்களே தெருவிலும் அலுவலகத்திலும் ஆண்டுக்கணக்கில் கேட்டதால் வந்தவை.

அதற்காக யாரையும் காட்சிப் பொருளாக்கிக் கூட்டிப் போகாதீர்கள். என்ன நடக்கும், யாரைப் பார்க்கப் போகிறோம், என்ன கேள்வி வரலாம் என்று முந்தைய நாள் உட்கார்ந்து பேசுங்கள். பயணச் செலவையும் அன்றைய கூலியையும் கொடுங்கள். சாய்வுதளம், கழிப்பறை, சைகைமொழி பெயர்ப்பாளர் இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வர விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

படி 7: கதவு திறக்காவிட்டால்

மூன்று மாதம் பதில் இல்லையென்றால் நினைவூட்டுக் கடிதம். அப்புறம் மனுவின் நிலை என்ன என்று தகவல் உரிமை மனு. இந்த இரண்டிலேயே பாதிக் கோப்புகள் அசைவதைப் பார்த்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகள் விஷயமென்றால் மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். ஆட்களை அழைத்து விசாரிக்கவும் ஆவணம் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் அவருக்கு உண்டு. பத்திரிகையாளரிடம் போவது அதற்குப் பிறகு.

நீதிமன்றம் கடைசி வழி. வெற்றி கிடைக்கும், காலம் பிடிக்கும். பொது இடங்களும் போக்குவரத்தும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று ராஜீவ் ரத்தூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இல் விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தது. அணுகல் தரங்களை வெறும் வழிகாட்டுதலாக வைத்திருந்த விதி சட்டத்துக்கு முரணானது, கட்டாயத் தரங்களை வகுக்க வேண்டும் என்று அதே வழக்கில் 2024 நவம்பரில் சொன்னது. இடையில் ஏழு ஆண்டுகள். ஒரு சிறு நிறுவனத்தால் இதைத் தனியாகத் தாங்க முடியாது. கூட்டமைப்பாகவோ சட்ட உதவி அமைப்போடோ சேர்ந்தால் மட்டும் இறங்குங்கள்.

படி 8: ஆணை வந்த பிறகு

அமைச்சர் அறிவித்தது ஒன்று, அரசாணையாக வந்தது ஒன்று, நிதி ஒதுக்கப்பட்டது ஒன்றாக இருக்கலாம். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 'தேவைக்கேற்ப', 'இயன்றவரை' போன்ற சொற்கள் எங்கே புகுந்திருக்கின்றன என்று அடிக்கோடிடுங்கள். ஆணையின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் நீங்களே எடுத்துச் சென்று கொடுங்கள். கீழே உள்ள ஊழியருக்கு அது வந்து சேர்ந்திருக்காது.

சென்னை மெரினாவில் சக்கர நாற்காலியில் கடலருகே போவதற்கான நிரந்தர மரப்பாதை 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தது அது. அலையில் கால் நனைத்தவர்களின் முகங்களைப் படங்களில் பார்த்து நான் அழுதேன். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதைச் சிதைத்தது. பிறகு சரிசெய்தார்கள். கட்டச் சொல்லிக் கேட்டவர்களே பராமரிக்கவும் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வட்டத்தில் இப்போது மாதம் ஒரு புதன்கிழமை முகாம் நடக்கிறது. முதல் இரண்டு மாதம் குழு முழுமையாக வந்தது. மூன்றாம் மாதம் உளவியலாளர் வரவில்லை. அன்று மாலையே தேதியோடு எழுதி வைத்தோம், மறுநாள் மாவட்ட அலுவலருக்குத் தொலைபேசியில் சொன்னோம், நான்காம் மாதம் வந்தார். பதிவேட்டில் 'குழு முழுமையாக வந்ததா' என்று ஒரு பத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அதை நிரப்புவது அந்த அம்மா. மகனை மையத்தில் விட்டுவிட்டு, முகாம் நடக்கும் புதன்கிழமைகளில் காலை ஒன்பதரை மணிக்கே மருத்துவமனை வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.